நாலாம் வரிசையைத் தட்டியவர்

போன மாதம் பெரியவள் வந்து கேட்டாள். "அப்பா, நீங்க முன்ன வேல பாத்த எடத்துல வெயிலயும் கரியயும் சேத்து கரண்டு எடுத்தாங்களாமே, அது எப்பிடிப்பா?" பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு போனாள். டீச்சர் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் கட்டுரையில் நான் சொல்லாமல் விட்ட ஒருவரைப் பற்றி இப்போது உங்கள் ரெண்டு பேருக்கும் எழுதுகிறேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே எல்லாருக்கும் அவர் 'தட்டுற அக்கா'. எனக்கு வெறும் அக்கா.

சின்னவனுக்கும் புரிய வேண்டும் என்பதால் அந்த இடத்தைப் பற்றி மறுபடி சொல்கிறேன். மார்கழியில் உங்களைக் குளிப்பாட்ட அம்மா அண்டாவில் தண்ணீர் பிடித்துக் காலையிலேயே மொட்டை மாடி வெயிலில் வைத்துவிடுவாள். சாயங்காலம் அதை அடுப்பில் ஏற்றினால் ரெண்டு விறகில் கொதித்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. விருத்தாசலத்துக்கு வெளியே ஒரு டைல்ஸ் கம்பெனி தனக்கென்று சின்னதாக ஒரு பவர் பிளான்ட் வைத்திருந்தது. அதன் பாய்லரில் பழுப்பு நிலக்கரி எரிப்போம். கரியை மிச்சம் பிடிக்க, பக்கத்துத் தரிசுக் காட்டில் எட்டு வரிசை கண்ணாடி நிறுத்தினார்கள். பீப்பாயை நெடுக்குவாட்டில் ரெண்டாக அறுத்து நிமிர்த்தி வைத்த மாதிரி வளைந்த கண்ணாடி. அதன் நடுவில் ஒரு இரும்புக் குழாய். கண்ணாடி வெயிலையெல்லாம் அந்தக் குழாயின் மேல் குவிக்கும். உள்ளே ஓடும் தண்ணீர் கொதிகொதியென்று சூடாகிப் பாய்லருக்கு வரும். வெயில் அடித்தால் கரி குறைவு. மேகம் மறைத்தால் கரி கூட. நான் பாய்லர் பக்கம் நின்றவன். அக்கா கண்ணாடிப் பக்கம்.

கண்ணாடி கழுவத்தான் அவரை வேலைக்கு எடுத்தார்கள். எங்கள் புகைபோக்கி கக்கும் சாம்பல் எங்கள் கண்ணாடி மேலேயே வந்து படியும். சாம்பல் படிந்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் கரியைக் கூட்டுவோம், கரியைக் கூட்டினால் மறுபடி சாம்பல். "நீங்க கக்குறத நான் கழுவுறன், நான் கழுவக் கழுவ நீங்க கக்குறீங்க. இதுக்கு ரெண்டு பேருக்கும் சம்பளம்" என்பார்.

அதற்கு முன்னால் அவர் பன்னிரண்டு வருஷம் பீங்கான் கம்பெனி ஒன்றில் இருந்தவர். சூளையிலிருந்து வரும் பியூஸ் கட்டைகளையும் கப்புகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து நடுவிரல் முட்டியால் தட்டி, சத்தம் கேட்டு, நல்லதை ஒரு பக்கமும் விரிசல் விட்டதை ஒரு பக்கமும் போடுவதுதான் வேலை. நல்லது ணங்கென்று நீளும். விரிசல் விட்டது டொக்கென்று அங்கேயே செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலெல்லாம் அவர் காதுக்குத் தெரியும்.

அந்தப் பழக்கம் அவரோடு வந்துவிட்டது. எதைக் கண்டாலும் தட்டுவார். டிபன் பாக்ஸ், பைப்பு, ஏணி, பூசணிக்காய். வாசலில் இருந்த டீக்கடையில் கண்ணாடி கிளாஸைத் தட்டிவிட்டுத்தான் டீ வாங்குவார். ஒருநாள் தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேணாம். வேற கிளாஸு குடுங்க."

"ஏம்மா, பளிங்காட்டம் இருக்குது. காலையிலருந்து இருவது பேரு குடிச்சிட்டாங்க. உனுக்குதான் ஆவலயா?"

"ஊத்தி வச்சிப் பாருங்க."

டீக்கடைக்காரர் வீம்புக்கு ஊற்றி வைத்தார். நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு ஒரு கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் பெஞ்சில் வட்டமாக ஈரம் கட்டியது. அக்கா வேறு கிளாஸைத் தட்டி வாங்கிக்கொண்டார்.

மனிதர்களின் பேச்சையும் அப்படித்தான். சூப்பர்வைசர் வந்து, "அடுத்த மாசம் எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸு வந்துடும்" என்றால், அக்கா பக்கத்தில் இருக்கும் மேஜையைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். "சத்தம் வரல சார்." சூப்பர்வைசரே சிரித்துவிடுவார். பூட்ஸ் வரவில்லை.

வால்வு திறந்து மூடுகிற வேலையில் ஒருவர் இருந்தார். கருவேப்பிலங்குறிச்சிக்காரர். முந்திரிக் காலத்தில் பை நிறைய முந்திரிப்பழம் கொண்டுவந்து கொடுப்பார் என்பதால் அக்கா அவரை 'முந்திரி' என்றே கூப்பிடுவார். எனக்கு முந்திரி அண்ணன். அவர் வாய் சும்மா இருக்காது.

"யக்கா, என் மண்டையயும் ஒரு தட்டு தட்டிச் சொல்லுக்கா. உள்ள எதனா இருக்குதான்னு எம் பொண்டாட்டி கேட்டுனு வரச் சொன்னா."

அக்கா தட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "நல்லா ணங்குன்னு இருக்குதுடா. காலியா இருந்தாதான் இப்பிடி கேக்கும்."

ஒருமுறை மூணாம் வரிசைக் குழாயைப் போகிற போக்கில் தட்டிவிட்டு, மூட்டில் கோளாறு இருக்கிறது என்றார். யாரும் நம்பவில்லை. பிரித்துப் பார்த்தால் வெல்டிங்கில் மயிரிழை போல வெடிப்பு. அன்றிலிருந்து காலையில் எட்டு வரிசையையும் தட்டிப் பார்த்துச் சரி சொல்வது அக்காவின் வேலையாகிவிட்டது. கழுவுகிறவர்களுக்குக் கொடுப்பதைவிடக் கூடக் கொடுத்தார்கள். அவர் மகள் அப்போது நர்சிங் சேர்ந்திருந்தாள். கையில் ஒரு சின்ன ஸ்பேனர் வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகத் தட்டிக்கொண்டு போவார். புதிதாக வரும் ஆட்களுக்கு அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "தட்டாம சரின்னு சொல்லாத."

ஒருநாள் பாய்லரில் பிரஷர் ஏறி சேப்டி வால்வு திறந்துகொண்டது. அந்தச் சத்தம் உங்களுக்குத் தெரியாது. ரயில் காதுக்குள்ளேயே ஊதுகிற மாதிரி இருக்கும். மரத்தில் இருந்த காக்கா எல்லாம் பறந்துவிட்டது. நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டோம். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆறாம் வரிசையில் கண்ணாடி கழுவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. உடம்புகூடத் தூக்கிப் போடவில்லை.

மறுநாள் கவனித்துப் பார்த்தேன். ஸ்பேனரால் தட்டும்போதே இன்னொரு உள்ளங்கையைக் குழாயின் மேல் வைத்திருந்தார். காதால் கேட்கவில்லை, கையால் வாங்கினார். நாம் பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைப் பார்ப்பார். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தனியாக இருக்கும்போது காதைப் பற்றிக் கேட்டேன்.

"எடது காது போயி ரெண்டு வருஷம் ஆவுது தம்பி. வலதுல போன மாசம் வரிக்கும் பஸ்ஸு ஆரன் அடிச்சா கேட்டுது, இப்ப அதுவும் இல்ல. பீங்கான் கம்பெனியில மண்ணு அரைக்கிற உருள பக்கத்துலயே உக்கார வச்சிருந்தாங்க. அது போட்ட சத்தம்."

"டாக்டர்கிட்ட…"

"காட்டிட்டன். நரம்பாம்." பிறகு சொன்னார். "பொண்ணு படிப்ப முடிச்சிட்டா நானே நின்னுடுவன். அது வரிக்கும் யார்கிட்டயும் சொல்லாத."

நான் சொல்லவில்லை. அதற்கு மேலும் ஒன்று செய்தேன். ஷிப்ட் மாறும் நேரத்தில் அவரோடு நானும் எட்டு வரிசையையும் நடப்பேன். அவர் தட்டுவார், நான் எதிரில் நின்று கேட்பேன். சத்தம் நன்றாக இருந்தால் தலையை ஆட்டுவேன். சும்மா நின்றால் அவர் இன்னொருமுறை தட்டுவார். இதை நாங்கள் உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்யவில்லை. நாலைந்து நாளில் தானாகப் படிந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி நடந்தது. ஒரு தப்பும் வரவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

ஐப்பசி மழை. மூன்று நாளாக வெயிலே இல்லை. குவித்து வைத்திருந்த கரியெல்லாம் நனைந்து, எரியாமல் புகைந்தது. பிரஷர் நிற்கவில்லை. டைல்ஸ் கம்பெனி சூளைக்குள் சரக்கு வெந்துகொண்டிருந்தது. கரண்ட் நின்றால் உள்ளே இருப்பதெல்லாம் பாழ் என்று போன் மேல் போன். நாலாம் நாள் உச்சி நேரத்தில் திடீரென்று சுள்ளென்று வெயில் வந்தது. கண்ணாடியெல்லாம் சூரியனைப் பார்க்கத் திருப்பினார்கள். அரைமணி நேரம் நன்றாக ஓடியது. அப்புறம் தண்ணீர் தள்ளும் பம்பு நின்றுவிட்டது.

பம்பு நின்றால் கண்ணாடிகள் தானாக வெயிலை விட்டுத் திரும்பிக்கொள்ள வேண்டும். ஏழு வரிசை திரும்பியது. நாலாம் வரிசை மட்டும் திரும்பவில்லை. மோட்டாரில் சாம்பல் சேறாகக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. முந்திரி அண்ணனும் அக்காவும் கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றித் திருப்புவதற்குள் குழாயில் இருந்த தண்ணீரெல்லாம் ஆவியாகிப் போய், வெறும் குழாய் வெயிலில் காய்ந்துவிட்டது. வெறும் வாணலி அடுப்பில் காய்வதுபோல.

பம்பைச் சரி செய்துவிட்டார்கள். ஒரு வரிசை வழியாகத்தான் அடுத்த வரிசைக்குத் தண்ணீர் போகும். நாலாம் வரிசையை விட்டுவிட்டு ஓட்ட முடியாது. என் பாய்லரில் பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது. சுடுதண்ணீர் எப்போது வரும் என்று கேட்கத்தான் நானும் இறங்கி வந்தேன்.

அக்கா சூப்பர்வைசரிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஆறட்டும் சார். சூளையிலருந்து எடுத்த சூட்டுல எவனாவது தண்ணி காட்டுவானா? ஒரு மணி நேரம் வுடுங்க."

"ஒரு மணி நேரத்துல மறுபடி மேகம் மூடிக்கும்மா. அங்க சூளையில சரக்கு நிக்குது."

"படீர்னு போயிடும் சார்."

"கா மணி நேரம் தரேன். அதுக்கு மேல என்னால முடியாது. அப்பறம் நீங்க தட்டிப் பாருங்க. நீங்க சரின்னா தொறக்கலாம். இல்லன்னா வேணாம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர் போனில் இருந்தார்.

கால் மணி ஆயிற்று. அக்கா ஸ்பேனரோடு நாலாம் வரிசையின் கோடிக்குப் போனார். கோடியில்தான் மூட்டு, அதற்குப் பக்கத்தில்தான் வால்வு. முந்திரி அண்ணன் வால்வில் கை வைத்துத் தயாராக நின்றார். "யக்கா, சீக்கிரம் சொல்லு, பசிக்குது" என்றார். நான் பத்தடி தள்ளி நின்றேன். ஈரக் கரியை எரிய வைக்க ஊதுகாற்று மெஷினை முழு வேகத்தில் போட்டிருந்தோம். அது என் முதுகுக்குப் பின்னால் அலறிக்கொண்டிருந்தது. கையில் வாக்கி டாக்கி. அதில் மேலேயிருந்து ஒரு பையன், "எறங்குதுண்ணா, எறங்குதுண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அக்கா தட்டினார். குழாய் சூடாக இருந்ததால் உள்ளங்கையை வைக்க முடியவில்லை. என்னைப் பார்த்தார்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

நான் சும்மா நின்றிருந்தால் போதும். அவர் இன்னொருமுறை தட்டியிருப்பார். நான் கிட்டே போய்க் கேட்டிருப்பேன். பத்தடிதான். நான் தலையை ஆட்டினேன்.

அவர் கொஞ்சம் கூடுதலாக என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. திரும்பவும் ஆட்டினேன்.

"சரியா இருக்குது" என்றார் அக்கா. வால்வைவிட்டு என் பக்கமாக மூணு நாலு எட்டு நடந்து வந்தார். முந்திரி அண்ணன் திறந்தார்.

தண்ணீர் அந்தச் சூட்டில் போய் விழுந்ததும் ஆவியாகி மூட்டைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அக்காவுக்கு அது முதுகுப் பக்கம் நடந்தது. அவர் சத்தம் கேட்டுத் திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் திரும்பினார்.

வெள்ளையாக ஆவி. அது விலகியபோது முந்திரி அண்ணன் உட்கார்ந்திருந்தார். விழவில்லை, உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் உங்களுக்கு எழுத மாட்டேன். பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் இருந்தார். அஞ்சாம் நாள் உடலைக் கருவேப்பிலங்குறிச்சிக்குக் கொண்டுவந்தார்கள்.

அங்கே போயிருந்தோம். திரும்பும்போது ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில், அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். "அக்கா, எனக்குக் கேக்கல. கேக்காமத்தான்…"

அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிக்க விடவில்லை.

"தெரியும் தம்பி. ரெண்டாவது வாட்டி நீ ஆட்டனப்பவே தெரியும். தெரிஞ்சிதான் சரின்னேன். எல்லாரும் பாத்துனு நின்னாங்க. கேக்கலன்னு சொல்ல வாய் வரல." கொஞ்சம் கழித்து, "ஒம் பொண்ணுக்கு என்னா வயசு?" என்றார்.

"எட்டு மாசம்க்கா."

"நீ பேசாத" என்றார்.

பெரியவளே, அந்த எட்டு மாதக் குழந்தை நீதான்.

விசாரணைக்கு வெளியூரிலிருந்து மூன்று அதிகாரிகள் வந்தார்கள். ஆபீஸ் அறையில் எங்களை வரிசையாக உட்கார வைத்தார்கள். சூப்பர்வைசர், அவங்க தட்டிப் பார்த்துச் சரின்னு சொன்னாங்க, அப்புறம்தான் திறந்தோம் என்றார். அது உண்மைதான்.

அக்கா எழுந்து நின்றார். "ஆமா சார். எனக்குக் காது கேக்காது. கேக்காமயே சரின்னு சொன்னேன்."

ஒரு அதிகாரி அவர் சொன்னதை எழுதினார். அப்புறம் நிமிர்ந்து, "இது வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

"யாருக்கும் தெரியாது சார்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க கூட நின்னீங்களே. உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாது சார்" என்றேன்.

வாயைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவர் முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லிப் பாருங்கள். என் வாய் எப்படித் திறந்து எப்படி மூடியது என்பதை முழுக்க அவர் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அன்றைக்கே அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். போகும்போது ஸ்பேனரை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். தட்டவில்லை.

அதற்குப் பிறகு கண்ணாடிகளை ஓட்டவே இல்லை. எட்டு வரிசையையும் தரையைப் பார்க்கக் கவிழ்த்து விட்டார்கள். கரியை மட்டும் எரித்தோம். கழுவ ஆளில்லாமல் கண்ணாடியின் முதுகில் சாம்பல் விரல் கனத்துக்கு ஏறியது. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ரெண்டு வருஷம் தாண்டினேன். அப்புறம் திட்டக்குடிப் பக்கம் அரிசி மில் பாய்லருக்கு வந்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்த அப்பா அதற்குப் பிறகு உள்ள அப்பாதான்.

முந்திரி அண்ணன் செத்ததற்கு ஊரில் இன்றைக்கும் ஒரு காரணம்தான் சொல்கிறார்கள்: செவிட்டுப் பொம்பளையை வேலைக்கு வைத்திருந்தார்கள் என்று. பம்பைச் சொல்வதில்லை, மோட்டாரைச் சொல்வதில்லை, அந்தக் கால் மணி நேரத்தையும் சொல்வதில்லை. காது கேட்கிற ஒருவன் பத்தடியில் நின்றிருந்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும். படித்துவிட்டு என்னிடம் என்ன கேட்க வேண்டுமோ கேளுங்கள். அம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை.

போன மாசி மாதம் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். தர்பூசணி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஒரு பழத்தை எடுத்து நடுவிரல் முட்டியால் தட்டினார், இன்னொரு உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டு. வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். வண்டிக்காரன் என்னமோ கிண்டலாகச் சொன்னான். அவன் வாயைப் பார்த்துச் சிரித்தார்.

நான் அவர் முதுகுப் பக்கம், நாலு ஆள் தள்ளி நின்றேன். "அக்கா" என்று கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை. திட்டக்குடி பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

சுற்றிக்கொண்டு போய் முன்னால் நின்றிருக்கலாம். தோளைத் தொட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன். கேட்காது என்று தெரிந்துதான் கூப்பிட்டேன்.